ஒலிவம்பூவில் நூல், செப்டம்பரில் காய் உதிர்வு: பூச்சி ஒன்றா இரண்டா?

கேள்வி: சிசிலியில் பலெர்மோவுக்குப் பக்கத்தில் கொஞ்ச ஒலிவ மரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறேன். மே மாதம் பூங்கொத்துகளை நூலால் கட்டிப் புழு தின்றது. இப்போது செப்டம்பரில் பச்சைக் காயாகவே கொட்டுகிறது. பக்கத்துத் தோட்டக்காரர் பழ ஈ என்கிறார். வருகிற பூவுக்கு மருந்து அடிக்கட்டுமா ஐயா?

பதில்: தம்பி, முதலில் விழுந்த காயில் ஒரு கைப்பிடி எடுத்துக் கொட்டையை உடைத்துப் பாருங்கள். பழ ஈயின் புழுவுக்குக் கால் இல்லை, அது சதையைத்தான் குடையும். காம்படியில் துளை இருந்து, கொட்டைக்குள் பருப்பும் இல்லையென்றால் அது ஒலிவ அந்துப்பூச்சி, பிரேஸ் ஒலியே. மே மாதம் பூவைத் தின்றதும் இதுதான்.

இறக்கையை விரித்தாலும் ஒன்றரை சென்ரிமீற்றர் வராத சாம்பல் நிறப் பூச்சி. வருடத்துக்கு மூன்று தலைமுறை, ஒவ்வொன்றுக்கும் வேறு சாப்பாடு. முதலாவது குளிர்காலம் முழுக்க இலைக்குள் சுரங்கம் போட்டுக் கிடக்கும். இரண்டாவது பூவைத் தின்னும். அது அந்தாகி ஜூனில் பிஞ்சின் காம்படியில் முட்டை இடும். கொட்டை இறுகுமுன் புழு உள்ளே போய்விடும். பருப்பைத் தின்று முடித்துக் காம்படி வழியே வெளியேறும்போது காய் பிடி விட்டு விழும். துளை விழுந்த காயில் புழு இருக்காது, மண்ணிலோ பட்டை இடுக்கிலோ கூடு கட்டப் போயிருக்கும். அதனால் காயைப் பொறுக்கி எரித்து மெனக்கெட வேண்டாம்.

பூவில் நூலைக் கண்டு பயப்படாதீர்கள். ஒலிவத்தில் நூறு பூவுக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல விளைச்சல். பூ நிறைந்த வருடத்தில் புழு தின்பது, மரம் எப்படியும் உதிர்க்கப்போகிற பூவைத்தான். பூ குறைந்த வருடமென்றால் மட்டும், பூ விரியத் தொடங்கும்போது புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி வகையை மாலையில் அடியுங்கள். புழு தின்றால்தான் அது வேலை செய்யும், காய்க்குள் போன புழுவை எட்டாது.

ஜூனில் கண்டதையும் அடித்தால் முதலில் சாவது கண்ணாடி இறக்கைப் பூச்சி. அந்தின் முட்டைகளைத் தின்று தீர்ப்பது அதன் புழுதான். அது போனால் சாறு உறிஞ்சும் கருப்புச் செதில் பூச்சியும் பெருகும். யாராவது டைமெத்தோயேற் என்ற பழைய பூச்சிமருந்துப் போத்தல் தந்தால் வாங்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியம் 2019இலேயே அதற்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது.

ஏப்ரலில் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றைக் கட்டுங்கள். அந்து எப்போது பறக்கிறது என்று அது காட்டும், எவ்வளவு நட்டம் வரும் என்று காட்டாது. அதற்கு ஜூன் கடைசியில் பல மரங்களிலிருந்தும் பிஞ்சுகளைப் பறித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் காம்படியில் உள்ள முட்டைகளை எண்ணுங்கள். சப்பையாகிக் கிடக்கும் வெற்று ஓடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு போன்றவை உறிஞ்சிவிட்ட முட்டைகள்.