போர்டை மாற்றிய பிறகு சர்வர் ஏன் விழுகிறது?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஆறு கொள்முதல் நிலையங்களிலிருந்து பசுந்தேயிலை வருகிறது. எடைச் சீட்டுகளைப் பதிவு செய்ய ஜாவாவில் எழுதிய வலைச் செயலி ஒன்றை டாம்கேட் சர்வரில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் பல ஆண்டுகளாக ஓட்டி வந்தோம். அது இருந்தது 16 ஜிபி நினைவகம் கொண்ட பழைய இன்டெல் மேசைக் கணினி. மின்வெட்டில் யுபிஎஸ் தாங்கவில்லை என்பதால் 8 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்ப்பெர்ரி பை 5 என்னும் சிறு கணினிப் போர்டும் யுஎஸ்பி எஸ்எஸ்டியும் வாங்கி, எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்தோம். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. மாலை நான்கு மணிக்கு மேல், லாரிகள் வந்து சேரும் நேரத்தில், ஒன்றிரண்டு முறை விழுந்துவிடுகிறது. சில நாள் எச்எஸ்-எர் என்று தொடங்கும் கோப்பு ஒன்று உருவாகிறது. சில நாள் டாம்கேட் பதிவில் ஒரு வரிகூட இல்லை. போர்டு பழுதா, மாற்றிவிடலாமா?

பதில்: போர்டை மாற்ற வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் இது ஒரே கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை. கோப்பு உருவாகும் நாளின் விழுகை வேறு, தடயமின்றி மறையும் நாளின் விழுகை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதித் தேடினால் ஒன்றுக்குச் செய்த மருந்து மற்றொன்றில் பலிக்காது. முதல் மருந்தும் வீண் என்று தள்ளிவிடுவோம்.

எனவே முதலில் கேட்க வேண்டியது, டாம்கேட்டைக் கொன்றது யார் என்பதே. லினக்ஸில் ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், சிக்னல் என்னும் எண்ணிட்ட அறிவிப்பால் சாகும்போது, அதன் வெளியேறும் எண் பெரும்பாலும் 128உடன் அந்தச் சிக்னலின் எண்ணைக் கூட்டியதாக இருக்கும். 137 என்றால் சிக்னல் 9. வெளியிலிருந்து ஒருவர் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார், அநேகமாக நினைவகம் தீர்ந்தபோது இயங்குதளத்தின் மையமான கெர்னலே செய்த வேலை. 143 என்றால் சிக்னல் 15. யாரோ முறைப்படி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், அது விழுகையே அன்று. 134 என்றால் சிக்னல் 6, அதாவது புராசஸ் தானே முறித்துக்கொண்டது. இங்கே ஜாவாவுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. தவறான நினைவக முகவரியைத் தொட்டால் மற்ற நிரல்கள் சிக்னல் 11 பெற்று 139 என்று முடியும். ஜாவா இயந்திரமோ அந்தச் சிக்னலைத் தானே பிடித்து, எச்எஸ்-எர் கோப்பை எழுதிவிட்டுப் பிறகு முறித்துக்கொள்கிறது. ஆகவே 139ஐ எதிர்பார்த்துத் தேடுபவர் கண்ணில் 134தான் படும். சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்-டியின் நிலை அறிக்கையில் இந்த எண்ணோ, சிக்னலின் பெயரோ இருக்கும். விழுந்தவுடன் மீண்டும் தொடங்கிவிடாமல் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை நேர அவசரத்தில் அது கடினம்தான். சிஸ்டம்-டியின் ஜர்னல் பதிவை எஸ்எஸ்டியில் நிலையாகச் சேமிக்கும்படி அமைத்துவிட்டால் இரவில் ஆற அமரப் பார்க்கலாம்.

தடயமில்லாத நாளை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது எளிது. அமைப்புக் கோப்புகளை அப்படியே நகலெடுத்தோம் என்கிறீர்கள். 16 ஜிபி கணினியில் டாம்கேட்டுக்கு 6 ஜிபி ஹீப் கொடுத்திருந்தால், அந்த வரி இப்போது 8 ஜிபி போர்டிலும் 6 ஜிபி என்றே நிற்கிறது. ஹீப் என்பது ஜாவா நிரலின் தரவுகள் இருக்கும் இடம், ஜாவா எடுக்கும் நினைவகத்தின் ஒரு பகுதி மட்டுமே. கிளாஸ் விவரங்கள், தொகுக்கப்பட்ட நிரல், ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளான த்ரெட்டுகள் ஒவ்வொன்றுக்கும் உரிய அடுக்கு ஆகியவை அதற்கு வெளியே இருக்கின்றன. டாம்கேட் தன் இயல்பமைப்பில் 200 த்ரெட் வரை திறக்கும். த்ரெட் அடுக்கின் இயல்பளவு இன்டெல் 64 பிட் லினக்ஸில் 1 எம்பி, உங்கள் போர்டில் உள்ள ஆர்ம் வகைச் சில்லின் 64 பிட்டில் 2 எம்பி. அது ஒதுக்கீடுதான், தொட்ட பகுதி மட்டுமே உண்மையில் செலவாகும் என்றாலும், போஸ்ட்கிரெஸும் அதே போர்டில் பசியோடு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. காலையில் நான்கு பேர் பயன்படுத்தும்போது ஹீப் முழுவதும் நிரம்பாது. மாலையில் ஆறு நிலையங்களும் ஒரே நேரத்தில் சீட்டுப் போடும்போது நிரம்பும். கெர்னல் யாரைப் பலி கொடுக்கலாம் என்று பார்த்து, ஆகப் பெரியவரான ஜாவாவையே தேர்ந்தெடுக்கும். கெர்னல் பதிவில் நினைவகம் தீர்ந்ததால் இன்ன புராசஸைக் கொன்றேன் என்ற வரி இருந்தால் வழக்கு முடிந்தது. ஹீப்பை 3 ஜிபிக்குக் குறைத்துப் பாருங்கள். போஸ்ட்கிரெஸின் பகிர் நினைவக அமைப்பையும் பழைய கணினியின் அளவிலேயே விட்டிருப்பீர்கள், அதையும் பாதியாக்குங்கள்.

இனி எச்எஸ்-எர் கோப்பு. பல பக்கம் இருப்பதால் பலர் அதைத் திறந்து பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். தேவையானது முதல் இருபது வரிகளே. சிக்னலின் பெயர் மேலே இருக்கும். அதற்குக் கீழே சிக்கல் எழுந்த இடம் என்ற தலைப்பில் ஒற்றை ஆங்கில எழுத்துடன் ஒரு வரி வரும். பெரிய சி என்றால் ஜாவாவுக்கு வெளியே, சி மொழியில் எழுதிய லைப்ரரியில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் அடைப்புக்குள் அந்த லைப்ரரியின் பெயரே இருக்கும். வி என்றால் ஜாவா இயந்திரத்துக்குள்ளே. ஜே என்றால் தொகுக்கப்பட்ட ஜாவா நிரலுக்குள்ளே. பெரிய சியும், மின்னணுத் தராசிலிருந்து எடையை வாசிக்கும் உங்கள் லைப்ரரியின் பெயரும் சேர்ந்து அங்கே நிற்கும் என்று ஊகிக்கிறேன். எடைச் சீட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தராசின் சீரியல் கேபிளைப் படிக்க யாரோ ஒருவர் ஒரு காலத்தில் சிறு சி நிரல் எழுதிக் கொடுத்திருப்பார். இன்டெல்லுக்காகத் தொகுத்த லைப்ரரி ஆர்ம் போர்டில் ஏறவே ஏறாது என்பதால், அதை இங்கே மறுபடி தொகுத்திருப்பீர்கள். பிழையின்றித் தொகுந்தது, காலையில் ஓடுகிறது, ஆகவே சரி என்று நினைப்பது இயல்பு.

அங்கேதான் பள்ளம். சி மொழியில் கேர் என்னும் ஒரு பைட் வகை குறியுள்ளதா, குறியற்றதா என்பதை மொழி தீர்மானிக்கவில்லை. அந்தந்த இயங்குதளத்துக்கு விட்டுவிட்டது. இன்டெல் லினக்ஸில் அது குறியுள்ளது, -128 முதல் 127 வரை. ஆர்ம் லினக்ஸில் குறியற்றது, 0 முதல் 255 வரை. இப்போது தராசு நிரலில் உள்ள ஒரு வரியை எண்ணிப் பாருங்கள்: அடுத்த எழுத்தை வாசித்து கேர் மாறியில் வை, அது -1 ஆனால் வாசிப்பதை நிறுத்து. பழைய கணினியில் கேபிளில் ஒன்றும் வராதபோது -1 கிடைத்தது, நின்றது. புதிய போர்டில் அதே -1 அந்த மாறிக்குள் 255 ஆகிவிடுகிறது; 255 ஒருநாளும் -1க்குச் சமமாகாது. நிரல் நிற்காமல் இடையகத்தில், அதாவது வாசித்ததைச் சேர்த்து வைக்கும் இடத்தில், எழுதிக்கொண்டே போகும், எல்லை தாண்டும், பக்கத்து நினைவகத்தை மிதிக்கும், விழும். நாள் முழுவதும் தராசு பேசிக்கொண்டிருக்கும்வரை இது தெரியாது. மாலையில் ஒரு நிலையத்தார் வேலை முடிந்து தராசை அணைக்கும் கணத்தில்தான் வெடிக்கும். சி லைப்ரரியைத் தொகுக்கும்போது கேர் வகையைக் குறியுள்ளதாகக் கொள்ளச் சொல்லும் எஃப்-சைன்டு-கேர் என்ற தெரிவைக் கொடுத்துப் பாருங்கள். விழுகை நின்றால் காரணம் உறுதி. நிரந்தரத் தீர்வு, வாசித்த மதிப்பை இன்ட் வகையில் வாங்குவதே.

லைப்ரரி குற்றவாளி அல்ல, ஜாவா நிரலே கோணலாக நடக்கிறது என்றால், அதாவது சர்வர் விழாமல் தவறான எடை பதிவாவது, வெற்றுச் சீட்டு வருவது, சர்வர் உறைந்து நிற்பது போன்றவை இருந்தால், இன்னொரு வேறுபாட்டைச் சந்தேகியுங்கள். ஒரு குமாஸ்தா எடைச் சீட்டை எழுதி மேசையில் வைத்துவிட்டு மணியடிக்கிறார். மணி கேட்டதும் மற்றவர் வந்து சீட்டை எடுக்கிறார் என்று கொள்வோம். இன்டெல் சில்லில் ஒரு கோர், அதாவது சில்லுக்குள் உள்ள ஒரு கணிப்பகுதி, நினைவகத்தில் எழுதும் வரிசையிலேயே மற்ற கோர்களுக்கும் அது தெரியும். சீட்டுக்கு முன் மணி கேட்காது. ஆர்ம் சில்லில் அந்த உறுதி கிடையாது. தடை போட்டு வரிசையைக் காக்கச் சொல்லாதவரை மணி முன்னே, சீட்டு பின்னே என்று தெரியலாம். அந்தத் தடையைக் கேட்கும் வாலடைல், சின்க்ரனைஸ்டு என்ற சொற்களை இட்டு முறையாக எழுதிய ஜாவா நிரலுக்கு இதனால் எந்தத் துன்பமும் இல்லை. ஆனால் பூட்டில்லாத ஹேஷ்மேப் என்னும் பெயர்-மதிப்பு அட்டவணையைப் பல த்ரெட்டுகளுக்கும் பொதுவாக வைத்த நிரலும், ஒரே தேதி வடிவமைப்பியை எல்லாரும் பகிரும் நிரலும் பழைய இடத்தில் அதிர்ஷ்டத்தால் பிழைத்திருந்தவை. ஆறு நிலையங்களும் சேர்ந்து அழுத்தும் மாலையில் அந்த அதிர்ஷ்டம் முடிகிறது. இந்தப் பிழை பழைய கணினியிலும் இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவே.

ஒரு சிறு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். ராஸ்ப்பெர்ரி பை 5க்கான அதன் சொந்த இயங்குதளம் நினைவகத்தைப் பகுக்கும் துண்டுகளான பக்கங்களை இயல்பாக 16 கேபி அளவில் பயன்படுத்துகிறது; உங்கள் பழைய கணினியில் 4 கேபி. 4 கேபி மட்டுமே உண்டு என்று நம்பித் தொகுத்த ஜெமல்லாக் போன்ற நினைவக ஒதுக்கிகள் அங்கே தொடங்கும்போதே கைவிரித்துவிடும். உங்கள் செயலி காலையில் ஓடுவதால் இது முதன்மைக் காரணமாக இருக்காது. ஆயினும் கான்ஃபிக் கோப்பில் கெர்னல்8 என்னும் 4 கேபி கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் ஒரே வரியைச் சேர்த்து மறுதுவக்கம் செய்து பார்ப்பது செலவில்லாத சோதனை.

சிக்னல் 7 என்று எச்எஸ்-எர் கோப்பு சொன்னால் மென்பொருளை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். எஸ்எஸ்டியில் உள்ள ஒரு கோப்பை நினைவகத்தின் பகுதி போல இணைத்துக்கொண்டு ஜாவா படித்துக்கொண்டிருக்கும்போது வட்டு துண்டித்துக்கொண்டால் இந்தச் சிக்னல் வரும். வட்டே போய்விட்டதால் எச்எஸ்-எர் கோப்பு எழுதப்படாமலும் போகலாம். உங்கள் தடயமற்ற நாளுக்கு இது இரண்டாவது விளக்கம். இந்த போர்டு 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரை எதிர்பார்க்கிறது. 3 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தால் யுஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் தரும்; வேலை கூடும் நேரத்தில் எஸ்எஸ்டி கேட்பது அதைவிட அதிகமாகிவிடும். போர்டிலேயே மின்னழுத்தக் குறைவைச் சொல்லும் கட்டளை இருக்கிறது. விடை பூச்சியமாக இருக்க வேண்டும். 50000 என்றால் துவங்கியதிலிருந்து எப்போதோ குறைந்து வேகமும் மட்டுப்பட்டது, 50005 என்றால் இந்தக் கணமும் குறைந்திருக்கிறது.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இதே போல மாலையில் மட்டும் சர்வர் விழுந்தது. மூன்று நாள் நிரலைப் புரட்டிய பிறகு, மாலையில் இலை வந்ததும் வாட்டும் தொட்டிகளின் விசிறி மோட்டார்களை ஒரே நேரத்தில் போடுகிறார்கள், அதே மின் ஃபேஸில் சர்வரும் இணைந்திருக்கிறது என்று காவலாளி போகிற போக்கில் சொன்னார். இலை வருவதும் பயனர் கூடுவதும் விசிறி சுழல்வதும் ஒரே நேரம் என்பதால், நான் முதலிரண்டை மட்டும் பார்த்திருந்தேன். நீங்கள் ஒரு நாள் மாலையில் விசிறிகளைப் போடும் நிமிடத்தையும் சர்வர் விழும் நிமிடத்தையும் ஒரு தாளில் குறித்துவிடுங்கள்.

சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன், ஆனால் மலைக் குளிர் போதும் என்று விசிறியைக் கழற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோத்தகிரியிலும் அதிகம் வேறுபடாது. மெல்லிய காற்று சூட்டை மெதுவாகத்தான் எடுத்துச் செல்லும். இருப்பினும் சில்லு 80 பாகை செல்சியஸைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிர விழாது. மந்தம் தெரிந்தால் மட்டும் இதைப் பாருங்கள்.

இறுதியாக, தரவுத்தளத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? போஸ்ட்கிரெஸின் தரவுக் கோப்புறையையே நகலெடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, பழைய கணினியிலிருந்து டம்ப், அதாவது முழுத் தரவையும் வெளியே எழுதிய நகல், எடுத்துப் புதிதில் ஏற்றுங்கள். வேறு சில்லுக்குக் கோப்புறையை மாற்றுவது ஏற்கத்தக்க வழி அன்று. அதோடு 2018இல் வந்த, லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28 எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் விதிகளை மாற்றியது. அதற்கு முந்தைய இயங்குதளத்தில் கட்டிய பெயர் இண்டெக்ஸ், அதாவது பெயர்த் தேடல் பட்டியல், புதியதில் விவசாயியின் பெயரைத் தேடினால் இருந்தும் இல்லை என்று சொல்லக்கூடும். டம்ப் வழியாக ஏற்றினால் இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படுவதால் இந்தத் தொல்லையும் நீங்கும்.

பழைய மேசைக் கணினியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த வாரம் அதை எடுத்து வைத்து, தராசு இணைப்பில்லாமல், 3 ஜிபி ஹீப்புடன், அதே மாலைச் சீட்டுகளை அதிலும் பதியுங்கள். அங்கே விழாமல் போர்டில் விழுந்தால் எச்எஸ்-எர் கோப்பின் முதல் இருபது வரிகளையும், வெளியேறும் எண்ணையும், மின்னழுத்தக் கட்டளையின் விடையையும் எனக்கு எழுதுங்கள்.