ஓட்டத்துக்கு முன் இரண்டு ஸ்கூப் தேவையா?

தம்பி, காவலர் தேர்வுக்காக சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு ஸ்கூப் ப்ரீ-ஒர்க்கவுட் (பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் காஃபின் பவுடர்) குடித்துவிட்டு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிறீர்கள், படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி தூக்கமில்லை, நேரமும் குறையவில்லை என்கிறீர்கள். டப்பாவில் ஸ்கூப்புக்கு 200 மில்லிகிராம் காஃபின் என்று போட்டிருக்கிறது என்றால் இரண்டுக்கு 400. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்ச அளவே அதுதான், அதை ஒரே மடக்கில் குடிக்கிறீர்கள், டீக்கடை டீ வேறு.

ஓட்டத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமே பலன் தரும், 60 கிலோ ஆளுக்கு 180தான். உள்ளே போன காஃபின் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதாவது பதினொரு மணிக்குப் படுக்கும்போதும் 200 உடம்பில் நிற்கிறது, தூக்கம் எங்கிருந்து வரும்? நேரம் குறையாததற்கும் இந்தத் தூக்கக்கேடுதான் காரணம் என்பது என் கணிப்பு.

டப்பாவை மூடி வையுங்கள். சில நாள் தலை வலிக்கலாம், சரியாகிவிடும். தேர்வில் கேட்கும் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க பவுடர் வேண்டாம், விடியற்காலையில் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் போதும், மதுரை வெயிலுக்கும் அதுதான் தோது.

அப்புறம், ஜிம் நண்பர் ஒருவர் ஓட்டத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னதாக நீங்கள் கேட்ட மெஃபென்டர்மைன் ஊசி. அது ஆபரேஷன் நேரத்தில் மயக்க மருந்தால் விழுந்த ரத்த அழுத்தத்தை ஏற்ற டாக்டர்கள் போடுவது, அதைப் போட்டுக்கொண்டு ஓடுவது இதயத்தோடு விளையாடுவது. தொடவே தொடாதீர்கள். படபடப்பு வந்துகொண்டிருப்பதால் அடுத்த ஓட்டத்துக்கு முன் பெரியாஸ்பத்திரியில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள், நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.