ஆங்கில டென்ஸ் சந்தேகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், இன்டர்வியூவில் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்றேன். தவறு என்று சொல்லிவிட்டார்கள். தமிழில் 'நேற்று வந்திருக்கிறார்' என்கிறோமே?

பதில்: தமிழில் தாராளமாகச் சொல்லலாம். பூட்டு உடைந்து கிடப்பதைப் பார்த்ததும் 'நேற்று ராத்திரி திருடன் வந்திருக்கிறான்' என்கிறோம். திருடனை நாம் பார்க்கவில்லை. தடயத்தை வைத்து ஊகிக்கிறோம். 'நேற்று' என்று நேரம் சொல்வது அதற்குத் தடையில்லை. ஆங்கிலத்தில் 'ஹேஸ் கம்' போட்டால் அந்த ஊகம் வராது, 'லாஸ்ட் நைட்'டும் அதோடு ஒட்டாது. 'எ தீஃப் மஸ்ட் ஹேவ் கம் லாஸ்ட் நைட்' என்று மஸ்ட் சேர்த்தால்தான் சரி.

உங்கள் வாக்கியத்தில் ஊகம் எதுவும் இல்லை, நீங்களே பார்த்தீர்கள். 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' போதும். 'அவரைப் பார்த்திருக்கிறேன், முகம் தெரியும்' என்று நேரம் குறிப்பிடாமல் சொன்னால் 'ஐ ஹேவ் சீன் ஹிம்'. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேஸ் அகோ என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் பிரசன்ட் பெர்ஃபெக்ட், அதாவது 'ஹேவ் சீன்', 'ஹேஸ் கம்' போன்ற உருவம், போடாதீர்கள். டுடே, திஸ் வீக் இன்னும் முடியவில்லை, அவற்றோடு வரலாம்.

கேள்வி: 'ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018' சரியா மேடம்?

பதில்: 'ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018'. தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ், கால அளவுக்கு ஃபார்.

கேள்வி: 'ஐ டிடின்ட் வென்ட்' என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. டிட் இறந்தகாலத்தைக் காட்டிவிட்டது. 'டிடின்ட் கோ'.

கேள்வி: ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு எந்த ஆப் நல்லது?

பதில்: ஆப் விஷயம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். இங்கே டென்ஸ் மட்டும்.

கேள்வி: பள்ளியில் 12 டென்ஸ் படித்தேன். என் தம்பி 2தான் என்கிறான்.

பதில்: இரண்டுமே சரி, எண்ணும் முறைதான் வேறு. 3 காலத்தையும் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்ற 4 வகையால் பெருக்கினால் 12. தம்பி வினைச்சொல்லின் உருவத்தைப் பார்க்கிறார்: கோஸ், வென்ட். எதிர்காலத்துக்கென்று ஆங்கில வினைக்குத் தனி உருவம் கிடையாது. தமிழில் வந்தான், வருகிறான், வருவான் என மூன்று காலமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பரீட்சையில் மட்டும் 12 என்றே எழுதுங்கள்.

கேள்வி: இதை ஏற்க முடியாது டீச்சர். 'வில்' எதிர்காலம் இல்லாமல் வேறென்ன?

பதில்: எதிர்காலத்துக்கு அதிகம் பயன்படுவது வில்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலை அதோடு நிற்பதில்லை. காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் 'தட் வில் பி தி மில்க்மேன்' என்பார்கள். பால்காரர் வாசலில் இப்போதே நிற்கிறார். நாமும் 'பால்காரராக இருக்கும்' என்றுதானே சொல்கிறோம்? வில் இல்லாமலும் எதிர்காலம் வரும்: 'தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ', 'ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ'. 'நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்று நாம் சொல்வதும் நிகழ்கால உருவம்தான். காலம் வேறு, வினையின் உருவம் வேறு. இதைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீரும்.

கேள்வி: 'ஐ ஹேவ் கான் டு ஊட்டி லாஸ்ட் மந்த்' சரியா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். லாஸ்ட் மந்த் முடிந்துவிட்டது. 'ஐ வென்ட்'.

கேள்வி: 'ஐ ஹேவ் ஈட்டன் அட் எய்ட்'?

பதில்: மறுபடியும் அதே தவறு! மணி சொல்லிவிட்டீர்கள், 'ஐ ஏட் அட் எய்ட்'. மணி சொல்லாமல் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்க பிரிட்டிஷ் வழக்கில் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?'; அமெரிக்கர்கள் 'டிட் யூ ஈட் யெட்?' என்றும் கேட்பார்கள்.