டைனோசர் கண்காட்சியும் குட்டிப் பிள்ளைகளும்: வாசகர் கேள்விகள்

எங்கள் ஊரில் அசையும் டைனோசர் கண்காட்சி போட்டிருக்கிறார்கள். மூன்றரை வயது மகனுக்கு டைனோசர் என்றால் உயிர். பொம்மையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். ஆனால் உள்ளே போய் முதல் டைனோசர் உறுமியதுமே அலறிவிட்டான். இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. மறுபடி கூட்டிப் போகலாமா?
- வாசகி, திருநெல்வேலி

தாராளமாகப் போகலாம். ஆனால் இந்த முறை போகும் விதத்தை மாற்றுங்கள்.

வீட்டுப் பொம்மை அவன் அசைத்தால்தான் அசையும். கண்காட்சியில் இருப்பதோ அவன் எதிர்பாராத நொடியில் தானாகக் கிளம்புகிறது. உள்ளே இரும்புச் சட்டம், அதைச் சுற்றி ஸ்பாஞ்ச், மேலே ரப்பர் தோல். கண், தாடை, கழுத்து, வால் எல்லாவற்றுக்கும் தனித்தனி மோட்டார். பல கண்காட்சிகளில் முன்பக்கம் ஒரு சென்சாரும் வைத்திருப்பார்கள். ஆள் கிட்டே வந்ததும் மோட்டாரும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். ஆசையாக முன்னால் ஓடும் பிள்ளைதான் அதைக் கிளப்பிவிடுகிறது, அதுவும் மிக நெருக்கத்தில் நின்று. ஸ்பீக்கரைப் பீடத்திலோ பொய்ப்பாறைக்குள்ளோ ஒளித்து வைத்திருந்தால், உறுமல் நேரே குழந்தையின் காது மட்டத்துக்கு வரும்.

அதனால் வார நாளில், திறந்தவுடன் போங்கள். கூட்டம் இருந்தால் பின்வாங்க இடம் இருக்காது. எந்த டைனோசருக்குச் சென்சார் உண்டு, சத்தம் அதிகமானது எது என்று வாசலில் நிற்கும் ஊழியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் டைனோசரிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, வேறு யாராவது அதைக் கிளப்பும்வரை காத்திருங்கள். ஒரு சுற்று முழுக்க ஓடி, அது நிற்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும். இதுதான் முக்கியம். அழுதவுடன் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால், அது நிற்கும் என்பதே அவனுக்குத் தெரியாமல் போகும். இரண்டாவது சுற்றில் “இப்ப வாயைத் திறக்கும் பாரு, இப்ப வாலை ஆட்டும்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்றாவது சுற்றில் பெரும்பாலும் அவனே சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

பிறகு பக்கவாட்டில் கூட்டிப்போய், தாடை மடங்கும் இடத்தில் ரப்பர் சுருங்குவதையும், காலடியில் போகும் ஒயரையும் காட்டுங்கள். தொட வேண்டாம், தோல் எளிதில் கிழியும், மூட்டுக்குள் விரல் மாட்டும். காதுக்குப் பஞ்சு போதாது. குழந்தைகளுக்கான காதுமூடி வாங்கி, வீட்டிலேயே போட்டுப் பழக்கிவிடுங்கள். அங்கே போய்ப் புதிதாக மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். சவாரி டைனோசரில் உட்காரவைத்துப் படம் எடுக்க வற்புறுத்தவே வேண்டாம். “போதும்” என்றால் வெளியே வந்துவிடுங்கள், பாதி பார்க்காமல் போனாலும் சரி.

“அது உயிரோட இருக்கா?” என்று ஐந்து வயது மகள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். உண்மையைச் சொன்னால் சுவாரசியம் போய்விடுமா?
- வாசகர், தஞ்சாவூர்

போகாது. “இது மோட்டார் பொம்மை. நிஜ டைனோசர் ரொம்ப ரொம்ப முன்னாடியே இல்லாமப் போயிடுச்சு” என்று நேராகச் சொல்லுங்கள். விளையாட்டுக்காகக்கூட “சேட்டை பண்ணினா கடிச்சிடும்” என்று சொல்லாதீர்கள்; இரவில் தூக்கம் கெடுவது அதனால்தான்.

ஐந்து வயதில் அடுத்த கேள்விகளும் வரும், தயாராகப் போங்கள். டி-ரெக்ஸையும் ஸ்டெகோசாரஸையும் பல இடங்களில் சண்டைக்கு நிற்பதுபோல் வைத்திருப்பார்கள். இரண்டும் சந்தித்ததே இல்லை. ஸ்டெகோசாரஸ் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. டி-ரெக்ஸ் வாழ்ந்தது 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இறக்கை விரித்து நிற்கும் டெரனோடானும், தந்தத்தோடு நிற்கும் மாமத் யானையும் டைனோசரே இல்லை. ஆள் உயரத்துக்கு நிற்கும் வெலாசிராப்டர் நிஜத்தில் வான்கோழி அளவுதான், உடம்பில் இறகும் உண்டு. இதையெல்லாம் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒன்றே ஒன்றைச் சொல்லி, “அப்போ இந்தக் கூட்டத்துல டைனோசர் இல்லாதது எது, கண்டுபிடி” என்று விட்டுவிட்டால் கண்காட்சி முழுக்க உற்றுப் பார்ப்பாள்.

நிஜ எலும்புக்கூடு பார்க்க எங்கே போகலாம்?
- வாசகி, ஓசூர்

உங்களுக்கு ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையம். தெலங்கானாவின் யாமன்பள்ளியில் தோண்டி எடுத்த கோட்டாசாரஸ் எலும்புக்கூட்டை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி. உறுமலும் அசைவும் கிடையாது என்பதால் பயந்த பிள்ளைகளுக்கு முதலில் இதைக் காட்டுவதே நல்லது. கொல்கத்தா பக்கம் போனால் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாராபாசாரஸ் இருக்கிறது. முன்னதாகவே விசாரித்துக்கொண்டு போங்கள்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் டைனோசர் முட்டை கிடைக்கிறதாமே? பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பொறுக்கலாமா?
- வாசகர், திருச்சி

2020-ல் குன்னம் ஏரியில் கிடைத்த உருண்டைக் கற்களை முட்டை என்றே பலரும் நம்பினார்கள். அவை அம்மோனைட் என்ற கடலுயிரியைச் சுற்றி வண்டல் இறுகி உருவானவை. அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. டைனோசர் எலும்புகளும் கல்லமேடு பக்கம் கிடைத்ததுண்டு, ஆனால் பொறுக்கி வர வேண்டாம்; எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் ஆய்வுக்கு அது உதவாது. பதிலாகப் பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கும் சாத்தனூர் கல்மரத்துக்குப் போங்கள். 18 மீட்டர் நீளத்துக்கு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. நிழல் குறைவு, காலை பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். தண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும்.