பெட்ரோலின் தரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுமா?

எந்தக் கம்பெனி பங்க்கில் போட்டால் நல்ல பெட்ரோல் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். புது வண்டி எடுத்திருப்பீர்கள், ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள். நானும் பல வருடம் ஒரே கம்பெனிதான் என்று பிடிவாதமாக இருந்தவன். வீட்டில் யாரையும் வேறு பங்க் பக்கம் போகவே விட்டதில்லை.

ஒரு நாள் இரவு முழுக்க மழை. காலையில் வழக்கமான பங்க்கிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, கார் இழுக்காமல் திணறி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து டேங்க்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தார். சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வேறு ஏதோ.

அது வெறும் தண்ணீர் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவுதான் தண்ணீரைத் தாங்கும். 10 சதவீத எத்தனால் இருந்தால், சுமார் அரை சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே போதும்; எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் போய்த் தங்கிவிடும். பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் மூடி வழியாக மழைநீர் இறங்கினால் இதுதான் நடக்கும். அந்தத் தொட்டியில் பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அடிப்பக்கம்தான் இருக்கிறது, அதனால் அடியில் தங்கியதுதான் முதலில் வண்டிக்குள் வரும்.

பங்க்குக்குத் திரும்பிப் போனேன். மேனேஜர், "உங்க வண்டியிலதான் சார் கோளாறு" என்றார். நான் நகரவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு பேர் அதே புகாரோடு வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல், அளவுக் கம்பியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவித் தொட்டிக்குள் இறக்கினார். வெளியே எடுத்தபோது நுனியில் பசை நிறம் மாறியிருந்தது. அன்றைக்கே விற்பனையை நிறுத்தினார்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்லவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரே டிப்போவிலிருந்து போட்டிக் கம்பெனிகளின் லாரிகளும் நிரப்பிக்கொண்டு போவது சகஜம். அடிப்படை பெட்ரோல் ஒன்றுதான். லாரியில் ஏற்றும்போது அவரவர் சேர்க்கும், எஞ்சினில் படியும் கசடை நீக்கும் மருந்துதான் வேறு. அதுவும் சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2016-இல் சோதித்துப் பார்த்தது. கார் கம்பெனிகள் வகுத்த 'டாப் டியர்' தரத்தில் மருந்து சேர்த்த பெட்ரோலைவிட, அந்தத் தரத்தில் இல்லாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு கசடு படியவிட்டது. ஆனால் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு தெரிவது. என் காரை நடுரோட்டில் நிறுத்தியது தொட்டிக்குள் இறங்கிய தண்ணீர். ஆக்டேன் எண் (எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டுவது) கூடுதலாக உள்ளதைப் போடலாமா என்றால், வண்டியின் கையேட்டில் சொன்னது போதும்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. டேங்க்கைக் கழுவ விட்ட சர்வீஸ் சென்டரில் என்னைக் கேட்காமலே ஃபியூவல் பம்ப்பை மாற்றி பில் போட்டார்கள். பழைய பம்ப்பைக் கேட்டால் "தூக்கிப் போட்டுட்டோம்" என்றார்கள். அது உண்மையிலேயே கெட்டதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள், தயவுசெய்து.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வியாபாரம் மும்முரமாக நடக்கிற, தொட்டி மூடிகளை ஒழுங்காகப் பராமரிக்கிற பங்க்காகப் பாருங்கள். கனமழைக்கு மறுநாள் பசைச் சோதனையைக் காட்டச் சொல்லுங்கள். நான் இன்றும் அதே பங்க்கில்தான் போடுகிறேன். தொட்டி மூடிகளின் ரப்பர் வளையங்களை மாற்றியதை நின்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி போக ஆரம்பித்தேன்.