ஷெட்டைக் குடோனாக்கலாமா?

அன்புள்ள ஐயா,

பொதுத்துறை நிறுவனங்களை ஆதரித்து நீங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எனக்கு உடன்பாடில்லை. என் அப்பா தர்மபுரியிலிருந்து பெங்களூரு வந்து ஜாலஹள்ளியில் மத்திய அரசின் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையில் சேர்ந்தவர், விருப்ப ஓய்வில் வெளியே வந்தார். அந்தக் கம்பெனி எப்படிச் சீரழிந்தது என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். அரசாங்கம் கை வைத்த எதுவும் உருப்பட்டதில்லை.

பீன்யா தொழிற்பேட்டையில் சொந்த ஷெட் வைத்திருக்கிறேன். எலக்ட்ரிக்கல் பேனல் பெட்டிகள் செய்கிறோம். என் பெயரில் ஒன்பது பேர், மனைவி பெயரில் இன்னொரு கம்பெனி என்று வைத்து எட்டுப் பேர். ஏன் அப்படி என்று உங்களுக்கே தெரியும். சீனச் சரக்கு வந்து கொட்டுகிறது. அதற்குக் கடுமையான வரி போட அரசுக்குத் துணிவில்லை. கொரியா, தைவான் மாதிரி சந்தையைத் திறந்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால் நம் தொழிலும் எழுந்து நிற்கும். இப்போது ஒரு கூரியர் கம்பெனி என் ஷெட்டைக் குடோனாக வாடகைக்குக் கேட்கிறது. மாத வாடகை நான் சம்பாதிப்பதைவிட அதிகம். கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

கே.எம்., பெங்களூரு

அன்புள்ள கே.எம்.,

அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அதே அரசு சீனச் சரக்குக்குக் கடுமையாக வரி போட வேண்டும் என்று ஒரே பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. பீன்யாவில் யாரிடம் பேசினாலும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள், அவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. அதனால் எனக்கு இதில் ஆர்வம்.

அப்பாவின் கம்பெனியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டு வைத்து எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது 1961-ல். ஒரு காலத்தில் கல்யாண மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாட்ச் போடாத தமிழ்க் குடும்பம் குறைவு. 2016 ஜனவரியில் கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இடையில் என்ன நடந்தது என்றால் எல்லோரும் சொல்வது, டைட்டன் வந்தது, சந்தை ஜெயித்தது என்று.

டைட்டன் யாருடைய கம்பெனி? 1984-ல் டாடாவும், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. அன்றைய ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் டாடா மாதிரிப் பெரிய குழுமம் புதுத் தொழிலில் நுழைவது லேசில்லை. மாநில அரசோடு கூட்டுச் சேர்ந்தால் வழி கொஞ்சம் திறக்கும். ஜாலஹள்ளியிலிருந்து காரில் போய்விடும் தூரத்தில், ஓசூரில் ஆலை போட்டார்கள். இன்றும் டைட்டனில் டிட்கோவுக்கு 27.88 சதவீதப் பங்கு இருக்கிறது, டாடா குழுமத்தின் பங்கைவிட அது கொஞ்சம் அதிகம்கூட. ஆக எச்.எம்.டி.யை வீழ்த்திய கம்பெனியின் மிகப் பெரிய பங்குதாரர் ஒரு மாநில அரசு. அன்றைக்கு எம்.ஜி.ஆர். ஆட்சி. சுதந்திரச் சந்தைக்காரர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டு பக்கமும் அரசு பணம் போட்டது. ஒன்று மூடியது, ஒன்று இன்று பல்லாயிரம் கோடி மதிப்பில் நிற்கிறது. டிட்கோ முதல் போட்டது, இயக்குநர் குழுவில் நாற்காலி வாங்கிக்கொண்டது, எந்த டயலுக்கு எந்த ஸ்ட்ராப் என்பதை நிர்வாகத்திடம் விட்டது. எச்.எம்.டி.யில் கடிகாரத்தை எந்த ஊரில் செய்வது என்பதே டெல்லியில் முடிவானது. துமகூரு பரவாயில்லை, பக்கம்தான். ஸ்ரீநகரிலும் நைனிதால் பக்கம் ராணிபாக்கிலும் ஆலை போட்டதற்கு வியாபாரக் காரணம் சொல்ல முடியாது. இத்தனைக்கும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்ததே எச்.எம்.டி.தான், 1981-ல். ஆனால் சாவி கொடுக்கும் கடிகாரத்தைக் கைவிட அதற்கு மனசு வரவில்லை. உங்கள் அப்பாவின் கையில் திறமை குறைவாக இருந்திருக்காது. டைட்டனின் ஆரம்ப காலத்தில் எச்.எம்.டி.யிலிருந்து போனவர்கள் பலர். அதே ஆட்கள், அதே கை, வேறு நிர்வாகம். தொழிற்சங்கம்தான் கெடுத்தது, பெங்களூரு பொதுத்துறை ஊழியர்களின் 1980-81 ஸ்டிரைக்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் பாதிக்குமேல் நம்பிக்கை இல்லை. அந்த ஸ்டிரைக்கில் விமானம் செய்யும் எச்.ஏ.எல்.லும் மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல்.லும் இருந்தன, இரண்டும் இன்று நன்றாகவே ஓடுகின்றன.

கொரியா, தைவான் உதாரணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தென்கொரியாவின் போஸ்கோ எஃகு ஆலை 1968-ல் அரசு தொடங்கியது. தைவானின் சிப் கம்பெனி டி.எஸ்.எம்.சி. 1987-ல் பிறந்தபோது முதலில் கிட்டத்தட்டப் பாதி அரசுப் பணம். ஒதுங்கி நின்ற அரசுகள் இல்லை அவை.

அடுத்து உங்கள் ஷெட். மனைவி பெயரில் இன்னொரு கம்பெனி வைத்திருக்கும் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். பத்தாவது ஆள் வந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு, இருபதாவது ஆள் வந்தால் பி.எஃப். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு, ஒரு இன்ஸ்பெக்டர். ஒன்பது பேரிலேயே நின்றுவிடலாம் என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அது கட்டாயம் வேண்டும். ஆனால் சிறிதாகவே இருப்பதற்குப் பரிசு கொடுக்கும் பழக்கம் நம் அரசுக்குப் பழையது. 1967-ல் 47 பொருட்களைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். பட்டியல் வளர்ந்து வளர்ந்து ஒரு கட்டத்தில் 800-ஐத் தாண்டியது. கடைசிப் பொருட்களை விடுவித்தது 2015-ல்தான். சீனாக்காரன் ஒரே கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கான பேரை வைத்து பொம்மையும் பூட்டும் செய்துகொண்டிருந்த காலம் முழுக்க, இங்கே பெரிதாக வளர்ந்தால் குற்றம்.

இது அரசு அதிகமாக இருக்கும் இடம். இல்லாத இடம் ஒன்று சொல்கிறேன், நீங்களே தினமும் பார்ப்பது.

எனக்குத் தெரிந்த ஒருவர் உங்களைப் போலவே பீன்யாவில் ஷீட் மெட்டல் வேலை செய்கிறார். ஒரு நாள் அவர் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். தகட்டை மடிக்கும் பெண்டிங் மெஷின் சும்மா நின்றது, ஆர்டர் இல்லாமல் இல்லை, ஷீட் வாங்கக் காசில்லாமல். மேஜையில் ஒரு ஃபைல், அதில் பெரிய கம்பெனி ஒன்றுக்கு அனுப்பிய பில்கள். பெட்டிகள் போய்ச் சேர்ந்துவிட்டன, அங்கே பயன்படுத்தியும் விட்டார்கள். ஆனால் சரக்கை ஏற்றுக்கொண்டோம் என்று அவர்கள் கணினியில் பதிவு செய்யவில்லை. பதிவு செய்தால்தானே பணம் தர வேண்டிய நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும்! இவரோ பில் போட்ட அடுத்த மாதமே ஜி.எஸ்.டி. கட்டியாயிற்று. வராத பணத்துக்கு வரி, அதைக் கட்ட வங்கியில் ஓவர்டிராஃப்ட், அதற்கு வட்டி. அவர் மாதிரி ஆள்தான் பெரிய கம்பெனிக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், பிரமாதமான சட்டம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க மாநிலத்தில் ஒரு கவுன்சிலும் உண்டு. “போய்க் கொடுங்களேன்” என்றேன். “கொடுத்தால் அடுத்த ஆர்டரை நீங்கள் தருவீர்களா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது. சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராதவர், தரும்வரை அதைச் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது. இது ஓரளவு வேலை செய்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதில் சிறிய ஆள் புகார் கொடுக்க வேண்டியதில்லை.

புகார் கவுன்சிலைத் தாண்டினால் நீதிமன்றம். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-ல் சொன்னது. இன்றும் 20-ஐ ஒட்டித்தான் இருக்கிறோம். சுதந்திரச் சந்தை என்றால் போட்ட ஒப்பந்தம் நடக்க வேண்டும். அதை நடத்திவைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் அரசுச் சம்பளத்தில்தான் இருப்பார். மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவழிப்பது நம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (ஜி.டி.பி.) 30 சதவீதத்துக்குள்தான், பிரான்ஸில் 55 சதவீதத்துக்கு மேல். நம்முடையது பெரிய அரசு என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம், இன்ஸ்பெக்டர் வந்துவிடுகிறார், நீதிபதி வருவதில்லை.

சீன வரிக்கு வருகிறேன். 2024-25-ல் சீனாவோடு நமக்கு வர்த்தகப் பற்றாக்குறை 99 பில்லியன் டாலருக்கும் மேல். கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வரி போடுங்கள் என்றால் முதலில் போடுவது யாருக்காக? 2025 ஏப்ரலில் இறக்குமதித் தகட்டு எஃகுக்கு 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி வந்தது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே வரும் சரக்குக்குத்தான் அது. அதில் நீங்கள் பெட்டி செய்யும் சி.ஆர். ஷீட்டும் (குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடு) அடக்கம். லாபம் எஃகு ஆலைகளுக்கு. அவர்கள் கேட்டார்கள், அவர்களுக்கு டெல்லியில் கதவு திறக்கும். அந்த ஷீட்டில் வெளிநாட்டிலேயே செய்த பெட்டி துறைமுகத்தில் இறங்கினால் அதற்கு இந்த வரி கிடையாது. நீங்கள் கேட்ட கடுமையான வரி வந்தது, உங்கள் கச்சாப்பொருள்மீது வந்தது.

ஜி.டி.பி.யில் உற்பத்தித் துறையின் பங்கு சரிகிறது என்பது உண்மை. 2022-க்குள் 25 சதவீதம் என்று 2011 தேசிய உற்பத்திக் கொள்கையில் எழுதினார்கள். இப்போது 13-லிருந்து 17-க்குள் எங்கோ நிற்கிறது, யார் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து. ஆலைகளின் உற்பத்தி அளவு குறையவில்லை, பல மடங்கு கூடியிருக்கிறது. மற்றவை அதைவிட வேகமாக வளர்ந்தன. நம் ஊரில் அந்த மற்றவை எதுவென்று தெரிய மல்லேஸ்வரம் போனால் போதும். மந்திரி மால் நிற்பது ராஜா மில் இடத்தில். ஓரியன் மால் நிற்பது கிர்லோஸ்கர் ஆலை இருந்த நிலத்தில். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக வேலை பார்த்த பின்னி மில் நிலத்தில் அடுக்குமாடிகள்.  நூல் நூற்பதைவிட நிலம் விற்பது லாபம் என்று சந்தை சொன்னது. உங்கள் ஷெட்டுக்கு வந்திருக்கும் கூரியர் கம்பெனியும் சந்தைதான். அரசு ஒதுங்கிய இடத்தில் என்ன நடக்கும் என்பது உங்கள் வாசலுக்கே வந்து வாடகை பேசுகிறது!

இனி நீங்கள் கேட்ட கேள்வி. கொள்கைக்காக நஷ்டத்தில் ஷெட் நடத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாதாமாதம் சுளையாக வரும் வாடகையை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கொடுப்பதானால் சில விஷயங்கள் பாருங்கள். மொத்த ஷெட்டையும் கேட்கிறார்களா, பாதி போதுமா என்று பேசுங்கள். பெட்டிக்குப் பூச்சு போடும் பவுடர் கோட்டிங் வேலையை வெளியே ஜாப் ஒர்க்குக்கு விட்டால் ஓவன் அடைக்கும் இடம் மிச்சமாகும். மின் இணைப்பின் சாங்ஷன்ட் லோடை, அதாவது உங்களுக்கு அனுமதித்த மின் அளவை, எக்காரணம் கொண்டும் சரண்டர் செய்யாதீர்கள். குடோனுக்கு விளக்கும் ஃபேனும் போதும் என்று குறைத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்துத் திரும்பக் கேட்டால் டெபாசிட்டும் அலைச்சலும் புதிதாக ஆரம்பிக்கும். ஒப்பந்தத்தை 11 மாதம் என்று போடச் சொல்வார்கள், இடையில் விலக முடியாத லாக்-இன் காலம் எவ்வளவு என்று வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்புறம், வேலை செய்யும் பதினேழு பேரில் பெண்டிங் மெஷின் ஓட்டுபவரிடம் முதலில் பேசுங்கள். அவர் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டால் நீங்கள் திரும்ப ஆரம்பிப்பது நடக்காது.