வங்கியே ஆள் அனுப்பிப் பார்க்குமே, தனியாகச் சோதனை எதற்கு?

கேள்வி: அம்பத்தூரில் 1986இல் கட்டிய தனி வீட்டை 62 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். ஒப்பந்தம் இன்னும் போடவில்லை. கையில் 20 லட்சம் இருக்கிறது, மீதி வீட்டுக்கடன். வங்கியே இன்ஜினியரை அனுப்பி மதிப்பிடும்போது, நாமும் ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார் கணவர். வீண் செலவுதானே?

பதில்: இல்லை, கணவர் சொல்வதைக் கேளுங்கள். வங்கி அனுப்புபவர், கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்ப்பார். சுவருக்குள் ஓடும் ஒயரைச் சோதிப்பது அவர் வேலையல்ல.

உங்கள் கணக்கைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. அதாவது 49.6 லட்சம். மீதி 12.4 லட்சம் உங்களுடையது. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்துக்குச் சுமார் 5.6 லட்சம். மிஞ்சுவது 2 லட்சம். குடிபோன பிறகு பெரிய பழுது தெரிந்தால் பெர்சனல் லோன்தான் கதி என்பதே என் கவலை.

அந்தக் கால வீடுகளில் பலவற்றில் எர்த் ஒயரே இருக்காது. எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது ஒயர் சூடாகாமல் காக்கும். ஆளுக்கு ஷாக் அடித்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது மின்கசிவைக் கண்டுபிடிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச்தான். ஏ.சி., கீசர் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒயரிங்கை முழுதாக மாற்ற வேண்டி வரலாம். அப்புறம் கூரை. கம்பி துருப்பிடித்தால் உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும். விற்பதற்காகப் புதிதாகப் பூசி வெள்ளையடித்த தளம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் அதையும் கேளுங்கள். சென்னை நிலநடுக்க ஆபத்து கூடுதலான மண்டலம் மூன்றுக்கு மாறியதே 2002இல்தான்; உங்கள் வீடு அதற்கு முன்பே கட்டியது.

சோதனையை ஒப்பந்தத்துக்கு முன்பே முடித்து, பழுதுச் செலவை எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து விலையைக் குறைக்கக் கேளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், சோதனையில் பெரிய பழுது தெரிந்தால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.

பழுதுபார்க்கக் கடன் வாங்கினால், சொந்தக் குடியிருப்புக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வட்டி வரைதான் கழிவு. புதிய முறையில் அதுவும் இல்லை.